பன்னிரண்டு பதிமூன்றுக்குப் போன ரயில்

எங்கள் ஊரில் முதலில் கட்டியது ஸ்டேஷனைத்தான். சிங்கப்பூரில் புக்கிட் தீமா தாண்டிக் கிராஞ்சிக்குப் போகும் வழியில், ரப்பர் மரங்களுக்கும் சீனர்களின் காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவே, இஞ்சின் தண்ணீர் பிடிக்க ஓர் இடம் வேண்டியிருந்ததாம். ஒரு மேடை, ஒரு தகரக் கூரை, உயரமான ஒரு தண்ணீர்த் தொட்டி. பிறகு தண்டவாளம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஆட்களுக்கு வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட லயம் கட்டினார்கள். லயத்துக்கு எதிரே ஒரு சீனர் கோப்பிக்கடை போட்டார், அதை ஒட்டி நம்மவர் ஒருவர் மளிகைக்கடை வைத்தார், லைனுக்கு அந்தப் பக்கம் இருந்த கம்போங் என்ற மலாய்க் கிராமத்திலிருந்து காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்க ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தார். நான் பிறப்பதற்குள் அதை ஊர் என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

அந்த ஊரில் மணி பார்ப்பதற்குக் கடிகாரம் இரண்டே இரண்டுதான் இருந்தன. ஒன்று ஸ்டேஷனில், இன்னொன்று தண்டவாளம் ரோட்டைக் கடக்கும் கேட்டில். மற்ற எல்லாருக்கும் ரயில்தான் மணி. காலை மெயில் போனால் லயத்துக் குழாயடியில் கூட்டம் கலையும். பத்து மணிச் சரக்கு போனால் உலை வைப்பார்கள். பன்னிரண்டு பத்து வண்டி போனால் கோப்பிக்கடைக்காரர் நாற்காலியிலேயே கண்ணை மூடிக்கொள்வார். வண்டி தாமதமானால் எங்கள் ஊரே தாமதமாகும், அதற்காக யாரும் வருந்தியதில்லை.

என் அப்பா தண்டவாள கேங்கில் பதினைந்து வருடம் வேலை செய்தவர். சிலிப்பர் கட்டை மாற்றுவது, சரளை கொட்டி இடிப்பது, போல்ட்டு முடுக்குவது. எனக்குப் பதின்மூன்று வயதானபோது இடது பாதத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று விழுந்து இரண்டு விரல்கள் போயின. காயம் ஆறியது. ஆனால் பாரம் தூக்கினால் அந்தக் கால் நிற்காது. அந்தச் சமயத்தில் கேட்டுக்காரர் வேலை காலியானது. கேட்டுக்காரருக்குத் தனி வீடு உண்டு. இரண்டு அறை, சொந்தக் குழாய், தாழ்ப்பாள் உள்ள கதவு. லயத்தில் ஒரே அறையில் வளர்ந்த எனக்கு அது பங்களா.

ஒரு தடை இருந்தது. கேட்டில் ஒரு புத்தகம் உண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் கேட்டை எப்போது சாத்தினார், வண்டி எப்போது போனது, கேட்டை எப்போது திறந்தார் என்று மூன்று நேரங்களை எழுத வேண்டும். அப்பாவுக்கு எழுதத் தெரியாது. கடிகாரத்தை முள்ளை வைத்துச் சொல்வார், "சின்ன முள்ளு பத்து, பெரிய முள்ளு ஒண்ணத் தாண்டிருச்சு" என்று. அவ்வளவுதான்.

ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இரக்கமுள்ளவர். அப்பாவைக் கூப்பிட்டு, "உம்மட பிள்ளை படிக்குதல்லோ? அவவிட்டக் கேட்டு இலக்கம் எழுதப் பழகும். ஒரு மாசத்தில பழகிப்போடலாம். நான் உம்மட பேரை எழுதி அனுப்புறன்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துப் படியை முதலில் ஏறியவள் நான். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் எனக்கு முன்னால் ஒருவரும் இல்லை. ஆரம்பப் பள்ளியில் தமிழ் படித்து, பிறகு சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் படித்தேன். லயத்துக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசிப்பேன், பதிலும் நான்தான் எழுதுவேன். கேங்குக்குத் தலைவரான மண்டோர் என்னைக் 'கிராணியம்மா' என்று கூப்பிடுவார், கிராணி என்றால் குமாஸ்தா. கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அது பட்டமாகவே காதில் விழும்.

கேட்டு வீட்டுக்குப் போன வாரம் அப்பா என் எதிரே பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஒன்று முதல் ஐந்து வரை எழுதிக் காட்டினேன். அவர் எழுதிய மூன்று இடவலம் மாறியிருந்தது. திருத்தினேன். மறுபடியும் மாறியது. "இதுகூடவாப்பா வராது?" என்றேன். அவர் பலகையைத் துடைத்து என்னிடம் நீட்டி, "நாளைக்குப் பாப்பம்" என்றார். அந்த நாளை வரவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. நானே எழுதுவது சுலபமாக இருந்தது. அதைவிட, நான் எழுதுவது எனக்குப் பிடித்திருந்தது.

முதல் மூன்று மாதம் அப்பாவுக்குப் பிற்பகல் முறை. பள்ளி விட்டு வந்து கேட்டருகில் உட்கார்ந்துகொள்வேன். ஸ்டேஷனிலிருந்து மணி அடிக்கும். அப்பா நொண்டிக்கொண்டே இரண்டு கேட்டையும் சாத்திப் பச்சைக் கொடியோடு நிற்பார். வண்டி போகும். நான் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவேன். பொய் ஒன்றும் இல்லை.

பிறகு அவரைக் காலை முறைக்கு மாற்றினார்கள். காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை. இரண்டு மணிக்கு வரும் மலாய்க்காரர் தன் வண்டிகளைத் தானே எழுதிக்கொள்வார். எனக்கோ ஆறேகாலுக்குப் பள்ளிக்கூட பஸ். நான் திரும்பி வரும்போது புத்தகம் அடுத்தவர் கையில் இருக்கும்.

"நாளைக்கு யார் எழுதுறது?" என்று அம்மா கேட்டார்.

"நான் எழுதி வெச்சிட்டுப் போறேன். எந்த வண்டி எப்ப வரும்னு டைம்டேபிள்ல இருக்கே" என்றேன்.

"வராத வண்டிய எப்படிடீ எழுதுவ?"

"எல்லாம் வரும்மா. வராம எங்க போகும்?"

எழுத்து சம்பந்தமான எதிலும் அப்பா என்னை மறுத்துப் பேசியதில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில், இட்டிலி ஆறுவதற்குள், மதியம் வரையான எல்லா வண்டிகளையும் எழுதி முடித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். இரண்டாவது வாரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. தினமும் பத்து மணி, பன்னிரண்டு பத்து என்று ஒரேமாதிரி இருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும். அதனால் ஒருநாள் 10.04, ஒருநாள் 10.07, ஒருநாள் 12.09, ஒருநாள் 12.13 என்று மாற்றி எழுதினேன். மை கூட இரண்டு பேனாவில். அந்தப் பக்கங்களைப் பார்க்க எனக்கே பெருமையாக இருக்கும். வகுப்பில் என் கையெழுத்துக்கு நட்சத்திரம் போடுவார்கள். இந்தப் புத்தகத்துக்கு யாரும் நட்சத்திரம் போடவில்லையே என்று நினைத்ததுண்டு.

ஐந்து மாதம் அப்படி ஓடியது. ஒரு திங்கட்கிழமை, விடிய விடிய மழை பெய்து ஓய்ந்திருந்தது. நான் வழக்கம்போல எழுதிவிட்டுப் போனேன். ஜோகூர் பக்கம் வெள்ளம் லைனை அரித்துவிட்டதால் வடக்கிலிருந்து ஒரு வண்டியும் வரவில்லை என்பது எனக்குத் தெரியாது. பாலங்களைப் பார்க்க இன்ஸ்பெக்டர் டிராலியில் கிளம்பியிருந்தார். வழக்கமாக மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் பிற்பகலில் வருகிறவர் அவர். அன்று பதினோரு மணிக்கு எங்கள் கேட்டில் இறங்கினார்.

நடந்ததை அம்மா பிறகு சொன்னார். இன்ஸ்பெக்டர் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டே, டிராலி தள்ளி வந்த தமிழர் மூலம், "பத்து மணிச் சரக்கு போச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லீங்கய்யா. காலையிலேருந்து ஒரு வண்டியும் வரல" என்றார் அப்பா. உள்ளதைச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைத் திறந்தார். பத்து மணிச் சரக்கு 10.07க்குப் போயிருந்தது. அதற்குக் கீழே, பன்னிரண்டு பத்து வண்டி 12.13க்குப் போய், கேட்டு 12.15க்குத் திறந்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று.

"இத யாரு எழுதுனது?"

"நாந்தாங்கய்யா."

"எழுதிக் காட்டு பாப்போம்."

"கண்ணாடி இல்லீங்கய்யா" என்றார் அப்பா. அவர் வாழ்நாளில் கண்ணாடி போட்டதில்லை. நாலு பர்லாங் தூரத்துச் சிக்னலைப் படுத்துக்கொண்டே சொல்வார்.

இன்ஸ்பெக்டர் புத்தகத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமை தஞ்சோங் பகார் பெரிய ஸ்டேஷனில் விசாரணை.

நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோதே ஊருக்கு விஷயம் தெரிந்திருந்தது. மளிகைக்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்த கேங்கு ஆட்களில் ஒருவர், "என்ன கிராணியம்மா, நாளைக்கு என்ன மழையா, வெயிலா? முன்னாடியே எழுதிட்டீங்கன்னா துணி காயப்போட வசதியா இருக்கும்லா" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். மண்டோர் மட்டும் சிரிக்கவில்லை. "வீட்டுக்குப் போ, புள்ள" என்றார்.

வீட்டில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறம் நின்றது.

"கேட்டு போச்சுன்னா வீடும் போச்சு. அந்தக் கால வெச்சுக்கிட்டு உங்கப்பா மறுபடி கட்டை தூக்கணும். இதுக்குத்தான் உன்னப் படிக்க வெச்சோமா?"

அப்பா முறை முடிந்தும் வெளிப்பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்து, "அவளத் திட்டாத" என்றார். பிறகு என்னிடம், "பலகைய எடுத்தா" என்றார்.

"எதுக்குப்பா?"

"எழுதுனது நான்தான்னு சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம எழுதிக் காட்டச் சொல்லுவாங்க. உம் பேரு அங்க வரக்கூடாது. சர்க்கார் புத்தகத்துல பொய் எழுதுன புள்ளன்னு பள்ளிக்கூடத்துக்குக் காகிதம் போட்டாங்கன்னா, உன்ன வெச்சிருப்பாங்களா?"

அதுவரை எனக்கு வேலை, வீடு, அவருடைய கால் என்றுதான் பயம் இருந்தது. அவருக்கு அவற்றைப் பற்றி நினைப்பே இல்லை.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று மாலைகள். ஒன்றிலிருந்து ஒன்பது வரையும், பிறகு பூஜ்யமும், பிறகு புள்ளி வைத்து நேரம் எழுதுவதும் கற்றுக்கொண்டார். மூன்று மறுபடியும் திரும்பிக்கொண்டது. இந்த முறை நான் திருத்தவில்லை. அவரே பார்த்து அழித்துவிட்டு எழுதினார். புதன்கிழமை ஏழு மணி வண்டி போனபோது கடிகாரத்தைப் பார்த்து 7.02 என்று எழுதினார். சரியாக இருந்தது. எட்டு மாதத்தில் நான் சொல்லிக்கொடுக்காதது மூன்று மாலையில் வந்துவிட்டது. அப்போது எனக்கு அழ வேண்டும் போலிருந்தது. அவர் எதிரில் அழ எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியதால் அழவில்லை.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் சிராங்கூன் ரோட்டில் அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினேன். அம்மா சொல்லியனுப்பியிருந்தார். கடைக்காரர், "யாருக்கும்மா, கல்யாணமா?" என்றார். "இல்ல, ஆபீஸுக்கு" என்றேன். அந்த நிலையிலும் அப்படிச் சொல்லத்தான் எனக்கு வாய் வந்தது.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்குப் போகவில்லை. பள்ளிச் சீருடையோடு மேடையில் வந்து நின்றதைப் பார்த்து அப்பா, "வேணாம்" என்றார். "தொணைக்குத்தான் வரேன். பேசமாட்டேன்" என்றேன். ஸ்டேஷன் மாஸ்டரும் எங்களோடு வந்தார். அப்பா பேசுவதை ஆங்கிலத்தில் சொல்ல அவரைத்தான் அழைத்திருந்தார்கள். வண்டியில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒரே ஒருமுறை, "பழகுமெண்டு சொன்னனான்" என்றார். அப்பா தலையை ஆட்டினார்.

அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேசைமேல் என் புத்தகம். ஆமாம், அப்போதும் அதை என் புத்தகம் என்றுதான் நினைத்தேன். கதவோரத்தில் ஒரு நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு தாளையும் பென்சிலையும் அப்பாவிடம் நகர்த்தினார். அப்பா குனிந்து எழுதினார். 10.07. 12.13. வெகுநேரம் ஆனது. புதுச் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. மூன்று சரியாகவே விழுந்தது.

இன்ஸ்பெக்டர் தாளைப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்று குழந்தையின் எழுத்துப் போலிருந்தது, மற்றொன்று என்னுடையது. எவருக்கும் தெரியும். அவர் ஆங்கிலத்தில், "இந்த மனிதன் இரண்டாவது முறை பொய் சொல்கிறான். இதற்கு வேலையை விட்டே நீக்கலாம் என்று அவனிடம் சொல்லுங்கள்" என்றார்.

ஸ்டேஷன் மாஸ்டர் அதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் எழுந்து, ஆங்கிலத்திலேயே, "எழுதியது நான்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் எழுதியது, நிமிடங்களை மாற்றியது, இரண்டு பேனா. இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன். அதையும் கவனித்துக்கொண்டுதான் சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இன்ஸ்பெக்டர் குறுக்கிடாமல் கேட்டார். நிமிடங்களை ஏன் மாற்றினாய் என்றார். ரயில் ஒருநாளும் சரியான நேரத்துக்கு வருவதில்லையே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"லைனில் வேலை செய்யும் ஆட்கள் தண்டவாளத்தைக் கழற்றுவதற்கு முன் எதைப் பார்ப்பார்கள் தெரியுமா? இந்தப் புத்தகத்தை. 12.13க்கு வண்டி போய்விட்டது என்று இதில் இருந்தால், பன்னிரண்டரைக்கு லைனில் இறங்குவார்கள். வண்டி தாமதமாக 12.40க்கு வந்தால்?"

அந்த ஐந்து மாதத்தில் அந்த எண்களை யாராவது நம்பக்கூடும் என்று நான் நினைத்ததே இல்லை. பார்த்து மெச்சுவார்கள் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

அப்பாவுக்கு ஆங்கிலம் புரியாது. ஆனால் நான் எழுந்து நின்றதும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து, "ஐயா, அது பச்சப்புள்ள. நான் சொல்லித்தான் எழுதுச்சு. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எழுத வேணாம்னு சொல்லுங்க. மத்தது எப்படினாலும் சரி" என்றார்.

மற்றது அப்படியே ஆனது. பள்ளிக்குக் காகிதம் போகவில்லை. கேட்டு ஒருநாளும் திறந்து கிடந்ததில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னதால் வேலையும் முழுதாகப் போகவில்லை. ஆனால் கேட்டு வேலை இல்லை. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்துவிட்டு அப்பா கேங்குக்குத் திரும்ப வேண்டும்.

திரும்பும் வண்டியில் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். புக்கிட் தீமா தாண்டியபின், "பேசமாட்டேன்னு சொன்னியே" என்றார்.

"வேலையே போயிடும்னு சொன்னாருப்பா."

"இங்கிலீஷ்ல ரொம்ப நேரம் பேசுன" என்றார். அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

லயத்தில் எங்கள் பழைய அறையில் வேறு குடும்பம் வந்திருந்தது. கடைசி அறை கிடைத்தது, கழிவுநீர்க் கால்வாயை ஒட்டியது. அம்மா சாமான்களைத் தூக்கிப் போகும்போது எதிரே வந்த பெண்களிடம், "கேட்டுல காத்து ரொம்ப அடிக்குது, பனி ஒத்துக்கல" என்று சொல்லிக்கொண்டே போனார். யாரும் மறுத்துப் பேசவில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

அன்று மாலை மண்டோர் எங்கள் அறைக்கு வந்தார். நான் நேராகக் கேட்டேன். "மாமா, நீங்க வேலைக்கு எறங்கறதுக்கு முன்ன கேட்டுப் புத்தகத்தப் பாப்பீங்களா?"

"பாக்கணும்னு சட்டம்" என்றார். "நான் பாத்ததில்ல. உங்கப்பாவத்தான் கேப்பேன். வண்டி போச்சாண்ணே? போச்சுன்னா எறங்குவேன். இல்லன்னா பீடி பத்தவைப்பேன்."

"பாத்திருந்தா?"

"நாங்க பதினோரு பேரு, புள்ள" என்றார். அன்றிலிருந்து அவர் என்னைக் கிராணியம்மா என்று கூப்பிடவில்லை.

அடுத்த நாள் காலை அப்பா கேங்கோடு நடந்து போனார். கட்டை தூக்கும் வரிசையில் போய் நின்றபோது மண்டோர் அவரைத் தோளைப் பிடித்து இழுத்து, "அண்ணே, நீ கொடி புடி" என்று சிவப்புக் கொடியைக் கொடுத்தாராம். கேங்கு வேலை செய்யும் இடத்திலிருந்து அரை மைல் தள்ளித் தனியாக ஒருவர் நிற்க வேண்டும். வண்டி வருவதை முதலில் பார்த்து விசில் ஊதவேண்டும். அவர் ஊதினால்தான் மற்ற பதினோரு பேரும் விலகுவார்கள். கால் நோகும் ஒருவருக்கு அது சலுகை என்று எழுத முடியாது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்யும் வேலை அது.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் அவருக்குச் சோறு கொண்டுபோனேன். தண்டவாளத்தின் வளைவில், வெயிலில், கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். உடம்பின் பாரம் முழுவதும் வலது காலில் இருந்தது. பத்தடி பின்னால் ஒரு ரப்பர் மரம் நல்ல நிழல் விரித்திருந்தது.

"அங்க உக்காந்து சாப்புடுங்கப்பா. நான் பாத்துக்கறேன்."

"அங்கேருந்து வளைவு தெரியாது" என்றார்.

"இப்ப வண்டி இல்லப்பா. அடுத்தது பன்னிரண்டு பத்துதான்."

சொல்லி முடித்ததும் என் வாயே எனக்குக் கசந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை லைனிலிருந்து எடுக்காமலே தூக்குச்சட்டியை வாங்கி, நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார். நான் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றேன், அவர் பார்க்கும் திசையையே பார்த்துக்கொண்டு, வண்டி வரும்வரை.